மொட்டைப்பாறை உச்சியில் தண்ணீர் இருக்கிறதா?

சென்ற தை மாதம் இரண்டாம் ஞாயிறு, ஆட்டையாம்பட்டிக்கு அப்பாலுள்ள மொட்டைப்பாறையில் ஏறினேன். நாற்பத்தெட்டு வயதில் இப்படிச் செய்ததற்குக் காரணம் சொல்ல வேண்டும்.

1972இல் என்னோடு கல்லூரியில் வேலை பார்த்த வசந்தாவும் நானும் அதே பாறைக்குப் போனோம். முக்கால் உயரத்தில் பாறை வயிறுபோலப் புடைத்திருக்கும். அங்கே நான் பயந்து உட்கார்ந்துவிட்டேன். அவள் மேலே போய், முகமெல்லாம் ஈரமாக இறங்கி வந்தாள். உச்சியில் சுனை இருக்கிறது என்றாள். மறு ஆண்டு ஆசிரியர் வேலைக்கு ஜாம்பியா போனாள். நான் பின்னர் தனியாகப் போய் ஏறிவிட்டதாக அவளுக்கு எழுதினேன். அது பொய். அதன்பின் அவளுடைய எல்லாக் கடிதங்களும் ஒரே கேள்வியில் முடிந்தன: "சுனையில் தண்ணீர் இருக்கிறதா?" ஒவ்வொரு முறையும் "இருக்கிறது" என்று எழுதினேன்.

போன ஆடியில் வந்த கடிதத்தில், இனி ஊர் திரும்பப் போவதில்லை, அங்கேயே தங்கிவிடப் போகிறேன் என்று எழுதியிருந்தாள். கீழே வழக்கமான கேள்வி. இந்த முறை பதில் எழுதக் கை வரவில்லை.

ஆவணியில் முதல் பயணம். சூரமங்கலத்திலிருந்து காலை 4.30க்கு நகரப் பேருந்து, 35 காசு. பழைய பேருந்து நிலையத்தில் 5.10க்கு ஆட்டையாம்பட்டி வண்டி, ஒன்றே முக்கால் ரூபாய். நடத்துநர் சீட்டைக் கிழித்தபடி கேட்டார்.

"இந்நேரத்துக்கு எங்கீங்க டீச்சர்?"

"மொட்டைப்பாறைக்கு."

"அங்க கோயிலே இல்லீங்களே?"

"ஆமாம், இல்லை."

"அப்பறம் எதுக்குங்க ஏறோணும்?"

சீட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். ஆறு மணிக்கு இறங்கி, மூன்று கிலோமீட்டர் நடந்தேன்.

கல்லூரி நூலகத்தில் மலையேற்றம் பற்றி ஒரே ஓர் ஆங்கிலப் புத்தகம் இருந்தது. பனி, கயிறு, இரும்பு முளை என்று முந்நூறு பக்கம். நம் பாறைக்கு அது உதவாது. இங்கே கைப்பிடிக்க விளிம்பும் கிடையாது, வெடிப்பும் கிடையாது. சுரசுரப்பான சரிவு மட்டும்தான். அன்று நான் பாறையோடு வயிற்றை ஒட்டிக்கொண்டு ஏறினேன். இருபதடி போவதற்குள் வழுக்கிக்கொண்டு வந்தேன். பாறையின் அடிச்சரிவில் நிலக்கடலை காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் சிரித்தாள். முப்பது வயதிருக்கும். பெயர் பழனியம்மாள்.

"ஏனுங் டீச்சர், நீங்க கட்டிப் புடிச்சா அது உங்களத் திருப்பிக் கட்டிப் புடிக்குமுங்களா?"

சொல்லிவிட்டுக் கடலைக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அதே சரிவில் விறுவிறுவென்று நடந்தாள். வெறுங்கால், நேரான முதுகு, கைகள் இரண்டும் கூடையில். தலையில் சுமை இருப்பதால் அவளால் குனிய முடியாது. குனியாததால் உடம்பின் பாரம் முழுவதும் பாதத்தில் இறங்குகிறது. பாதம் பாறையைப் பற்றுகிறது. பாறையை நோக்கிச் சாயச் சாய, கால் நம்மைக் கைவிடுகிறது. நான் படிக்க வேண்டிய பாடம் இவ்வளவுதான்.

அந்தப் பாடம் உடம்புக்குப் போய்ச் சேர ஐந்து மாதம் ஆயிற்று. ஒன்றுவிட்டு ஒருநாள் மாலையில் மாடிப்படி பதினான்கையும் நுனிக்காலில் ஏறி இறங்கினேன். முதலில் பத்துத் தடவை, கார்த்திகையில் முப்பது. பிறகு படியின் விளிம்பில் நின்று குதிகாலை மெல்லத் தாழ்த்தி உயர்த்துவேன். கடைசியாக, பாதி நீர் நிரப்பிய குடத்தைத் தலையில் வைத்து ஏறுவேன். "கொழாயில தண்ணி வரலையா டீச்சர்?" என்று பக்கத்து வீட்டம்மாள் ஒவ்வொரு முறையும் கேட்டார். வரவில்லை என்றே சொல்லிவிட்டேன். மழையில்லாத ஞாயிறுகளில் பாறைக்குப் போய், அடிச்சரிவில் கையூன்றாமல் இருபது முறை நடந்தேன். இறங்குவதற்கு இரு மடங்கு பயிற்சி வேண்டும்: வெளிப்பக்கம் பார்த்து, முழங்காலை மடக்கி, சின்னச் சின்ன அடியாக.

பழனியம்மாள் உச்சிக்குப் போனதே இல்லை. "வேலையில்லாத எடத்துக்கு எதுக்குங்க? ஆடுங்க போகும். மழ பேஞ்சா ஈர வாயோட எறங்குமுங்க" என்றாள். இப்போதும் சுனையில் தண்ணீர் உண்டு என்பதற்கு என்னிடமிருந்த ஒரே சாட்சி அந்த ஆடுகள்தான்.

தை ஞாயிறன்று ஏழு மணிக்குத் தொடங்கினேன். "சேலையத் தூக்கிச் சொருகுங்க. யாரு பாக்கறா, ஆடுதான்" என்றாள் பழனியம்மாள். புடைப்புக்கு வந்தேன். பன்னிரண்டு ஆண்டுகளுக்குமுன் உட்கார்ந்த அதே இடம். குனியச் சொல்லி உடம்பு கெஞ்சியது. தலையில் குடம் இருப்பதாக நினைத்துக்கொண்டு ஏழடி வைத்தேன். எட்டாவது அடியில் சரிவு தணிந்தது.

7.25க்கு உச்சி. சுனை இருந்தது. இரண்டு பேர் படுக்கும் பாயளவுதான். இத்தனை ஆண்டுகளில் அதை நான் ஒரு குளமாகவே வளர்த்து வைத்திருந்தேன். கையை விட்டேன், முழங்கை வரை நனைந்தது. முகம் கழுவினேன். பக்கத்தில் இன்னொருவர் உட்காரத் தாராளமாக இடம் இருந்தது.

கீழேயிருந்து பழனியம்மாளின் குரல் வந்தது: "டீச்சர்! தண்ணி இருக்குதுங்களா?"

எழுந்து விளிம்புப் பக்கம் வந்தேன். பிறகு கத்தினேன்: "இருக்கு!"

"அப்ப ஆடு பொய் சொல்லலீங்க!"

போக விரும்புகிறவர்களுக்கு: மார்கழி, தை ஏற்ற மாதங்கள். ஒன்பது மணிக்குள் இறங்கிவிடுங்கள். அதற்குமேல் பாறை சுடும். நீர் வழிந்த கறுப்புத் தடங்களில் கால் வைக்காதீர்கள். செருப்பைக் கீழேயே விட்டுவிடுங்கள். துணையில்லாமல் போகாதீர்கள். பயம் வந்தால் திரும்பிவிடலாம், அதில் வெட்கம் இல்லை. ஏறிவிட்டதாக மட்டும் யாருக்கும் எழுதாதீர்கள்.

அன்று மாலையே வசந்தாவுக்கு எழுதினேன். "இருக்கிறது. இன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன்." கடிதம் அவள் கைக்குச் சேர இருபது நாளாகும். அதற்குள் வெயில் எவ்வளவு குடித்திருக்குமோ தெரியாது. மாசியில் யாராவது போனால், கையை விட்டு எதுவரை நனைகிறது என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். அவள் மறுபடியும் கேட்பாள்.