எண்பத்திரண்டு வயதும் ஒரு பெருவிரலும்

அப்பாவின் இடதுகால் பெருவிரலில் மண்வெட்டி பட்ட காயம் பத்து நாளாகியும் ஆறவில்லை. அவருக்குச் சலரோகம்; இரத்தத்தில் சீனி கூட. காயத்தைச் சுற்றித் தோல் கறுக்கத் தொடங்கியிருந்தது. கிளினிக்குக்குப் போவோம் என்று நான் சொல்லும்போதெல்லாம் அவரிடம் ஒரே பதில்தான்.

"சாதகத்திலை ஆயுள் எண்பத்திரண்டு எண்டு கிடக்கு. எனக்கு இப்ப அறுபத்தொண்டு. பிறகென்ன அவசரம்?"

நான் குடிநீர்த் திட்டமொன்றில் பொறியியலாளர். அந்த மாதம் வேலை முடிந்து வந்து, மெய்யியல் பற்றிய இணையவழிப் பாடமொன்றைக் கேட்டுக்கொண்டிருந்தேன். சுயவிருப்பம் என்ற எண்ணம் பழைய கிரேக்கரிடம் எப்படித் தோன்றியது என்பது அந்த வாரப் பாடம். வழக்கம்போல் கொப்பியில் இலக்கமிட்டுக் குறித்தேன். ஒன்று, தொடக்கத்தில் அவர்களிடம் அதற்கென்று ஒரு சொல் இருக்கவில்லை. 'எங்கள் கையில் உள்ளது' என்றுதான் பேசினார்கள். இரண்டு, எல்லாம் காரணத்தின்படியே நடக்கிறது என்றார்கள் ஒரு சாரார். அணுக்கள் தம் பாதையிலிருந்து சற்றே விலகுவதால் எமக்கு விடுதலை உண்டு என்றார்கள் இன்னொரு சாரார். மூன்றாவதை எழுதும்போது பேனை நின்றது. பிழைப்பான் என்று விதி இருந்தால், வைத்தியரைக் கூப்பிடாவிட்டாலும் நோயாளி பிழைப்பான். ஆகவே கூப்பிடத் தேவையில்லை. இதற்கு அக்காலத்திலேயே 'சோம்பல் வாதம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். விதியை நம்பியவர்களே மறுமொழியும் சொன்னார்கள்: பிழைப்பது விதியென்றால், வைத்தியரைக் கூப்பிடுவதும் அந்த விதியில் சேர்த்திதான்.

அடுத்தநாள் காலை அப்பா வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்கப் புறப்பட்டார்.

"விளையவேணும் எண்டு இருந்தால் வெங்காயம் விளையும்தானே அப்பா. ஏன் இறைக்கிறியள்?"

"வெங்காயத்துக்கு ஆர் சாதகம் எழுதினது, பிள்ளை?"

குசினிக்குள் அம்மா சிரிப்பது கேட்டது.

"சரி, உங்களுக்கு எழுதிக் கிடக்கு. எண்பத்திரண்டு வயசு வரைக்கும் ரண்டு காலோடை எண்டும் எழுதிக் கிடக்கோ?"

அப்பா இறைக்கப் போனார். திரும்பி வந்ததும் விரலைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அம்மாவிடம் தோய்த்த வேட்டி கேட்டார்.

விரலைக் காப்பாற்றலாம், ஆனால் இன்னும் பிந்தியிருந்தால் கடினம் என்றார் கிளினிக்கில் வைத்தியர். கட்டுப்போட்டபடி அப்பாவிடம், "மகளோ ஐயா இழுத்துக்கொண்டு வந்தது?" என்று கேட்டார்.

"சீச்சீ. நானாத்தான் வந்தனான்."

நான் மறுக்கவில்லை. மறுபடி கட்டு மாற்றச் செவ்வாயோ புதனோ வரலாம் என்றார்கள். எந்த நாள் என்று அப்பாவிடமே கேட்டேன்.

"செவ்வாய் வேண்டாம்," என்றார். "புதன் வாறன்."