செத்தவீட்டில் சொல்லக்கூடாத சொல்

சிறிதரனுக்கு வாய் சும்மா இராது. மெல்பேணின் டார்னெய்ட் ஸ்டேஷனில் இருந்து வெளிக்கிடும் அவனுடைய பஸ்ஸில் ஏறுகிறவர்கள், இறங்குகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு வார்த்தை சொல்லாமல் கதவை மூட அவனுக்கு மனம் வராது. பஞ்சாபிக்கிழவருக்கு ஒரு சுகம் விசாரிப்பு, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஒரு பகிடி, அழுகிற குழந்தைக்கு ஒரு ஹோர்ன். பஸ் ஓட்டுவதற்குக் கையும் காலும் காணாதோ, வாயும் வேணுமோ என்று மனைவி மயூரா கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள். அந்த வாய்தான் கடைசியில் ஒரு செத்தவீட்டில் அவனை மாட்டிவிட்டது.

செத்தது சச்சிதானந்தன். சச்சி அண்ணை என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். ஊரைவிட்டு முதலில் ரொறன்ரோவுக்குப் போனவர், பிறகு கலியாணம் கட்டி மெல்பேணுக்கு வந்தவர். மற்றவர்கள் புது நாட்டுக்கு வரும்போது ஊறுகாயும் மிளகாய்த்தூளும் கட்டிக்கொண்டு வருவார்கள். இந்த மனுசன் கொண்டுவந்தது ஒரு கட்டு ஹொக்கி மட்டை, மடக்கி வைக்கக்கூடிய ஒரு கோல் வலை, கோல் காப்பவன் போடுகிற கம்பி போட்ட முகமூடி. கனடாவில் பெடியங்கள் ரோட்டிலேயே ரெனிஸ் பந்தை வைத்து ஹொக்கி விளையாடுவார்களாம். கிரிக்கெட்டைத் தவிர வேறொன்றையும் தெருவில் காணாத அயலவர்கள், தலை நரைத்த தமிழர்கள் மட்டையோடு ஓடுவதைப் பார்த்து முதலில் சண்டை என்றுதான் நினைத்தார்கள்.

ஞாயிறு பின்னேரம் அருந்தவன் வீட்டுக்கு முன்னால் ஆட்டம். அருந்தவன் சிறிதரனின் பள்ளித்தோழன். அவனுடைய தெரு ஒரு குச்சொழுங்கை. ஒரு பக்கம் பெரிய ரோட்டுக்குத் திறந்திருக்கும், மற்றப் பக்கம் அடைப்பு. அடைபட்ட பக்கத்துக் கடைசி வீட்டின் முன்னால் ரொறன்ரோ வலை. ரோட்டுப் பக்கத்துக் கோலுக்கு இரண்டு குப்பைத் தொட்டிகள். தொட்டிகளுக்கு நடுவில் பிரதீப்குமார் நிற்பான். கோயம்புத்தூர்க்காரன், கம்ப்யூட்டர் வேலை, அதே தெருவில் குடியிருக்கிறவன். ரொறன்ரோ வலையில் சச்சி அண்ணை.

இதில் ஒரு விசயம் இருந்தது. வலையில் நிற்பவருக்கு மட்டும்தான் பெரிய ரோட்டில் இருந்து கார் திரும்புவது தெரியும். மற்றவர்களுக்குக் கண் பந்தில் இருக்கும். பிரதீப்குமாருக்கோ முழு முதுகும் ரோட்டுக்கு. கார் திரும்பினால் சச்சி அண்ணை அடிவயிற்றில் இருந்து ஒரு சத்தம் விடுவார்: "விலத்து." எல்லோரும் தொட்டிகளை இழுத்துக்கொண்டு ஓரத்துக்கு ஓடுவார்கள். விலகு என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார் என்பது பிரதீப்குமாருக்கு முதல் நாள் விளங்கவில்லை. விலத்துங்கிறவர் யாருங்க, இன்னும் வரலையா என்று கேட்டான். அந்தப் பகிடி வருசக்கணக்காக ஓடியது.

சச்சி அண்ணைக்கு இன்னொரு பிடிவாதமும் உண்டு. ஆட்டம் முடிந்து ஆராவது "சரி, போறன்" என்று மட்டையைத் தூக்கினால் விடமாட்டார். முகமூடியைக்கூடக் கழற்றாமல் அதட்டுவார். "போறன் எண்டு சொல்லக்கூடாது. போட்டு வாறன் எண்டு சொல்லடா." சொன்ன பிறகுதான் அவர் வாயில் இருந்து "ஓம், போட்டு வா" வரும். பிரதீப்குமார்கூடத் தன்னுடைய "போயிட்டு வர்றேன்" சொல்லித்தான் வீட்டுக்குப் போகவேண்டும், அவனுடைய வீடு நாலு அடி தள்ளித்தான் என்றாலும்.

அந்த மனுசன் மாசிமாதத்தில் ஒருநாள் நித்திரையிலேயே போய்விட்டார்.

மண்டபத்தில் பெட்டி திறந்திருந்தது. சிறிதரன் பூவைப் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றான். கோட்டும் ரையும் போட்டு, வாயை மூடிக் கிடந்தார் அண்ணை. திரும்பும்போது, பதின்மூன்று வருசத்துப் பழக்கம், வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது.

"போட்டு வாறன் அண்ணை."

பெரிதாகத்தான் சொன்னான். பஸ் ஓட்டுகிறவனுக்கு மெல்லப் பேசத் தெரியுமா என்ன. தேவாரம் சொல்லிக்கொண்டிருந்தவர்கூட ஒரு சொல்லை விழுங்கினார். செத்தவீட்டில் இருந்து வெளிக்கிடும்போது ஒருவரிடமும் சொல்லிக்கொள்ளாமல் எழும்பி வரவேண்டும் என்பது சின்னப்பிள்ளைக்கும் தெரியும். திரும்பி வருவேன் என்று அந்த இடத்தில் ஆரும் வாக்குக் கொடுப்பதில்லை. இவன் வீட்டுக்காரருக்குக்கூட அல்ல, பெட்டிக்குள் கிடந்தவருக்கே கொடுத்துவிட்டான். மயூரா அவன் கையைக் கிள்ளி இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அவனுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட வேறொன்றும் இருந்தது, அதை அவன் அவளுக்குச் சொல்லவில்லை. சொன்ன பிறகு ஒரு கணம் பெட்டியையே பார்த்து நின்றவன், பதில் வருமென்று எதிர்பார்த்தல்லோ நின்றான்.

முப்பத்தோராம் நாள் காரியங்கள் முடிந்த பிறகு, சச்சி அண்ணையின் மனைவி யோகா முகமூடியைச் சிறிதரனிடம் கொடுத்துவிட்டாள். வீட்டில் அதைப் பார்க்கப் பார்க்க அழுகை வருகிறதாம். மற்றவர்களும் நீயே நில், நீதானே ரோட்டைப் பார்த்துப் பழகினவன் என்றார்கள். முகமூடிக்குள் அண்ணை பூசுகிற தைலத்தின் மணம் அப்படியே இருந்தது. அதைப் போட்டதும் சிறிதரனுக்கு அவருடைய தோளில் முகம் வைத்த மாதிரி இருந்தது. முதல் ஞாயிறு கம்பிகளுக்குள்ளே கொஞ்சம் அழுதான்.

இரண்டாவது ஞாயிறு அது நடந்தது. பந்து தொட்டிப் பக்கம் உருண்டுகொண்டிருந்தது. அவனுக்குப் பின்னால் இருந்து, அவசரம் எதுவும் இல்லாமல், யாரோ "விலத்து" என்றார்கள். யோசிக்காமல் அவனும் அதையே கத்தினான். எல்லோரும் ஒதுங்கினார்கள். அதற்குப் பிறகுதான் கார் திரும்பியது.

பின்னால் கடைசி வீடு. மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கிற வீடு, முன்னால் வாடகைப் பலகை, முழங்கால் உயரத்துக்குப் புல். அங்கே ஒருவரும் இல்லை. காதுதான் ஏமாற்றுகிறது என்று சிறிதரன் தன்னைத் தேற்றிக்கொண்டான்.

அடுத்த கிழமையும் கேட்டது. அதற்கு அடுத்த கிழமை பொழுதுபடுகிற நேரம், பற்றறியில் ஓடுகிற கார் ஒன்று லைற்றும் போடாமல் சத்தமில்லாமல் திரும்பியது. சிறிதரன் அதைக் காணவே இல்லை. கேட்டதைக் கத்தினான், அவ்வளவுதான். பிரதீப்குமார் தாவிக் குதித்து விலகின இடத்தால் கார் போனது. எல்லோரும் சிறிதரனின் முதுகில் தட்டினார்கள். கண்ணா கமராவா என்று அருந்தவன் கேட்டான். சிறிதரன் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய், சாப்பிடாமல் படுத்தான்.

அவனை வதைத்தது குரல் மட்டும் அல்ல. அது கிட்ட வந்துகொண்டிருந்தது. முதல் தடவை அந்த வீட்டு வாசலடியில் இருந்து கேட்ட மாதிரி. பிறகு கார்ப் பாதையில் இருந்து. கடைசியாகக் கேட்டபோது வலைக்குப் பின்னால், கையை நீட்டினால் தொடலாம் போல. பஸ்ஸில் என்றால் பின்னால் பார்க்கக் கண்ணாடி இருக்கிறது. கோலில் நிற்கிறவனுக்கு என்ன இருக்கிறது?

பொறுக்கமாட்டாமல் மயூராவிடம் சொன்னான். அவள் விசர் என்று சொல்லிச் சிரிப்பாள் என்றுதான் நினைத்தான். அவள் கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்தாள்.

"வாறன் எண்டு சொன்னீங்கள். நீங்கள் போகேல்லை. அதுதான் அவர் வந்து நிக்கிறார்."

அவர் ஏன் எனக்குக் கெடுதல் நினைக்கப்போகிறார் என்று சிறிதரன் கேட்டான். செத்தவர்களுக்கு நல்லது கெட்டது இல்லை, சொன்ன சொல் மட்டும்தான் என்றாள் மயூரா. இனி விளையாடப் போகவேண்டாம் என்றாள். அது முடியாது, நான் நிற்காவிட்டால் பிரதீப்குமாரின் முதுகை ஆர் பார்க்கிறது என்று இவன் வாதாடினான். அது பாதி உண்மை. கிழமைக்கு ஒருதரமாவது அந்தக் குரலைக் கேட்கவேண்டும் என்று அவனுக்கு ஆசையாகவும் இருந்தது. பயந்து சாகிறவனுக்கு ஆசையைப் பாருங்கள்.

கடைசியில் மயூரா ஒரு நிபந்தனையோடு விட்டாள். அவளும் வந்து காருக்குள் இருப்பாள். ரோட்டில் காரைக் கண்ணால் கண்டால் மட்டும் அவன் கத்தவேண்டும். பின்னால் ஆர் என்ன சொன்னாலும் திரும்பவும் கூடாது, சொன்னதைச் செய்யவும் கூடாது. உயிரோடு வீட்டுக்கு வரவேண்டும் என்றால் அதுதான் வழி என்றாள். சிறிதரன் அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் பண்ணினான்.

அந்த ஞாயிறு குளிர் எலும்புக்குள் போனது. சிறிதரன் முகமூடிக்குள் கம்பளித் தொப்பியும் போட்டிருந்தான், காதை மூடிவிடலாம் என்ற கெட்டித்தனம். கனநேரம் ஒன்றும் கேட்கவில்லை. தெருவிளக்கு எரியத் தொடங்கியது. அருந்தவன் அடித்த அடியில் பந்து தொட்டிகளையும் தாண்டிப் பெரிய ரோட்டுப் பக்கம் ஓட, எல்லோரும் அதன் பின்னால் ஓடினார்கள். வலையில் சிறிதரன் தனியே நின்றான்.

"விலத்து."

ரோட்டைப் பார்த்தான். கார் இல்லை. வெளிச்சம் இல்லை. பந்தைத் தேடுகிறவர்களின் முதுகுகள் மட்டும்தான்.

அதுவரைக்கும் அந்தக் குரல் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. இன்றைக்குக் கார் இல்லாமல் கூப்பிடுகிறது. அப்படியென்றால் ரோட்டுக்காகக் கூப்பிடவில்லை, எனக்காகத்தான் என்று சிறிதரனுக்கு விளங்கியது. மட்டையை இறுக்கிப் பிடித்தான். மயூராவின் தலையில் வைத்த கை ஞாபகம் வந்தது. வரமாட்டன் அண்ணை, என்னை விடுங்கோ என்று மனதுக்குள் கெஞ்சினான்.

மறுபடியும் "விலத்து." இந்தத் தடவை காதுக்குள். தொப்பியாவது மண்ணாவது. தைலமணம் முகமூடிக்குள் இருந்து வந்ததா பின்னால் இருந்து வந்ததா தெரியவில்லை. நின்ற இடத்திலேயே நின்றான். திரும்பவில்லை.

"சிறி, விலத்தடா."

அதட்டல். பதின்மூன்று வருசமாக அந்த அதட்டலுக்கு ஓடிப் பழகிய கால்கள். மூளை சத்தியத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க, கால்கள் அவனைத் தூக்கிப் பக்கத்துப் புல்லில் எறிந்துவிட்டன. விழுந்து கிடந்து பார்த்தபோது, கடைசி வீட்டில் இருந்து வெள்ளைக் கார் ஒன்று பின்பக்கமாக, ஒரு மூச்சுச் சத்தமும் இல்லாமல் வந்து வலையின் மேல் ஏறி நின்றது. அவன் நின்ற இடத்தில் பின்சில்லு. வலையின் சிவப்புக் கம்பிகள் அதற்கு அடியில் மடிந்து கிடந்தன.

வெள்ளிக்கிழமைதான் அந்த வீட்டுக்குக் குடிவந்தார்களாம். பலகையைக் கழற்றியதைக்கூட இவர்கள் ஒருவரும் கவனிக்கவில்லை. கார் ஓட்டிய பிள்ளை இறங்கி, தலையில் கைவைத்துக்கொண்டு அழுதாள். இருட்டில் பின்கமராவுக்கு வலை தெரியவில்லை, மனுசரும் தெரியவில்லை என்றாள். பிரதீப்குமார் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். மயூரா காரில் இருந்து செருப்பு இல்லாமல் ஓடிவந்து, சிறிதரனின் கை கால் எல்லாவற்றையும் தடவிப் பார்த்தாள். அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

அருந்தவன் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தான். சிறிதரனைத் தூக்கி நிறுத்தி, முதுகில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டான்.

"நல்ல காலம் கத்தினாய், அங்கை வரைக்கும் கேட்டது. ஆனா என்ன விசரடா உனக்கு, உன்ரை பேரை நீயே சொல்லிக் கத்திறாய்?"

சிறிதரன் மயூராவைப் பார்த்தான். மயூரா அவனைப் பார்த்தாள். ஊருக்கெல்லாம் கதை சொல்கிற அந்த வாய் இந்தத் தடவை கத்தவே இல்லை.

எல்லோரும் கலைந்த பிறகு மயூரா அவனைக் காரடியில் மறித்தாள். காப்பாற்றினது சச்சி அண்ணைதான் என்று அவளுக்கும் தெரியும், அவள் அழுதுகொண்டுதான் இருந்தாள். ஆனாலும் இது இப்படியே தொடரக்கூடாது என்றாள். அவர் போகவேண்டிய இடத்துக்குப் போகவேண்டும், நீங்களும் என்னோடு இருக்கவேண்டும். கட்டின சொல்லை அவிழ்க்கிறதுக்கு ஒரு சொல்தான் இருக்கிறது என்றாள்.

"உயிரோடை இருக்கிற ஆருக்கும் சொல்லாத சொல்லு. போய் அதைச் சொல்லிப்போட்டு வாங்கோ."

சிறிதரன் திரும்பி நடந்தான். நசுங்கிய வலையை யாரோ ஓரமாக இழுத்துப் போட்டிருந்தார்கள். முகமூடியைக் கழற்றி அதன் மேல் வைத்தான். கடைசி வீட்டில் இப்போது விளக்கு எரிந்தது, யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. செத்தவீட்டில் அழாத அழுகை எல்லாம் அவனுக்கு அங்கே வந்தது. அந்த மனுசன் இல்லாமல் இனி எத்தனை ஞாயிறு இருக்கிறது என்று நினைத்தான். மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னான்.

"போறன் அண்ணை."

பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. அவன் திரும்பிக் காரைப் பார்த்து நடக்கத் தொடங்கினான். தெருவிளக்கைத் தாண்டும் முன்னம், தோளுக்கு மேலால், வழக்கமான அதே எரிச்சலோடு வந்தது.

"போறன் எண்டு சொல்லக்கூடாது. போட்டு வாறன் எண்டு சொல்லடா."

சிறிதரன் நின்றான். திரும்பவில்லை. காருக்குள் மயூராவின் முகம் கண்ணாடியில் வெள்ளையாகத் தெரிந்தது, அவள் அவனுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கையால் வாயைப் பொத்தினான், இருமுகிறவன் மாதிரி. கைக்குள்ளே உதடு அசைந்தது. பிறகு போய்க் காரில் ஏறினான்.

"சொன்னீங்களோ?" என்று மயூரா கேட்டாள்.

"ஓம், சொன்னனான்" என்றான் சிறிதரன்.