ஓடாத சைக்கிளுக்கு வாடகை

கடனைப் பற்றிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. என் சைக்கிள்களைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்றுதான் நினைத்தேன். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கத் தெருவில் அப்போது வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தேன். வீட்டுக்காரர் சர்க்கரை ஆலையில் ஷிப்டு வேலைக்குப் போய்விட்டதால் அவர் ஆரம்பித்த கடை என் தலையில் விழுந்தது. பொம்பளை கடை வைத்தால் பையன்கள் ஏய்த்துவிடுவார்கள் என்று தெருவே சொன்னது. ஏய்த்துத்தான் பார்க்கட்டுமே என்று இருந்தேன்.

வாடிக்கைக்காரர்களில் பாதிப்பேர் ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற பையன்கள். மணிக்கு அரை ரூபாய், நாள் முழுக்க என்றால் மூன்று ரூபாய். முன்பணம் கேட்க மாட்டேன்; அதுகளிடம் ஏது முன்பணம்? அதற்குப் பதிலாக ஒரு சட்டம் வைத்திருந்தேன். புதிதாக வருகிறவனுக்கு அரை மணி நேரம்தான். சொன்ன நேரத்துக்கு வண்டியைக் கொண்டுவந்து விட்டால் அடுத்த தடவை ஒரு மணி நேரம். மாசக்கணக்கில் ஒழுங்காக இருந்தவனுக்கு ஞாயிற்றுக்கிழமை முழு நாளும் வண்டி, காசை மறுநாள் கொடுத்தால் போதும். ஒருநாள் லேட்டாக வந்தானோ, மறுபடியும் அரை மணியிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். ‘பஞ்சராயிடுச்சிக்கா’ என்று கதை விட்டால் டியூபைக் கழற்றித் தண்ணீரில் முக்கிப் பார்ப்பேன். என்னிடமா?

முகம் தெரியாத பையன் வந்தால், எனக்குத் தெரிந்த பையன் ஒருத்தன் கூட வந்து “நான் பொறுப்பு” என்று சொல்ல வேண்டும். சொன்னவன் பெயரைக் கடைச் சுவரில் சாக்பீஸால் எழுதிவிடுவேன். வண்டியும் வந்து, காசும் வந்தால்தான் அழிப்பேன். அதுவரைக்கும் பொறுப்பு சொன்னவனுக்கும் வண்டி கிடையாது. பரீட்சையில் மார்க்கு குறைந்தால்கூடக் கவலைப்படாத பையன்கள், அந்தச் சுவரில் பெயர் நிற்கிறது என்றால் தெரு வழியாகப் போகவே வெட்கப்படுவார்கள்.

இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வருஷம் அது. ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்துவிட்டார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. டீக்கடையில் யார் எந்தப் பக்கம் என்று ஓயாமல் பேச்சு. என் கடையில் மட்டும் ஒரே பேச்சு: “வண்டி இருக்குதாம்மா?” இரண்டு மடங்கு வாடகை தருகிறேன், மூன்று மடங்கு தருகிறேன் என்று பெரிய மனுஷர்கள் எல்லாம் வந்து நின்றார்கள்.

மறியல் நடந்த ஒருநாள் காலையில் ஒரே ஒரு வண்டிதான் மிச்சம். தவணைக்கு வாங்கிய புது வண்டி, கட்ட வேண்டிய தவணை பாதிக்கு மேல் பாக்கி. அப்போது இரண்டு பையன்கள் வந்தார்கள். ஒருத்தன் தாலுகா ஆபீஸ் கிளார்க் மகன். வாய் ஓயாத பையன். ஆனால் அரை மணியில் ஆரம்பித்து ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் முறையாக ஏறி வந்தவன். இன்னொருத்தன் அவனோடு பத்தாவது படிக்கிறவன், கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கும் அந்தப் பக்கத்து ஊர், இங்கே ஹாஸ்டலில் இருந்தான். ஹாஸ்டலில் சோறு போட அரிசி வரவில்லை, எல்லோரும் ஊருக்குப் போங்கள் என்று அனுப்பிவிட்டார்களாம்.

“இவனுக்கு வண்டி குடுங்கக்கா. மூணு நாள்ல கொண்டாந்துருவான். நான் பொறுப்பு” என்றான் கிளார்க் மகன்.

என் சட்டப்படி புதுப் பையனுக்கு அரை மணிதான்; ஆனாலும் கொடுத்தேன். மூன்று மடங்கு தருகிறேன் என்று மிதப்பாகக் கேட்டவர்கள் மேல் இருந்த எரிச்சலும் ஒரு காரணம். மலைப் பையன் வண்டியை வாங்கித் தள்ளிக்கொண்டே போனான்.

“ஏறி ஓட்டேன்டா!”

“ஓட்டத் தெரியாதுக்கா.”

“பின்ன இன்னாத்துக்குடா உனக்கு சைக்கிளு?”

“பொட்டி வெக்க.”

எட்டிப் பார்த்தால், தெரு முனையில் ஹாஸ்டல் வாண்டுகள் தகரப் பெட்டிகளோடு உட்கார்ந்திருந்தன. கேரியரில் இரண்டு, ஹேண்டில்பாரில் பக்கத்துக்கு ஒன்று, பாரில் ஒன்று என்று கட்டி, ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு கச்சிராயபாளையம் ரோட்டில் தள்ளிக்கொண்டு போனார்கள். அடக் கடவுளே, என் புது வண்டி! சிரிப்பும் வந்தது, தவணை பாக்கியும் ஞாபகம் வந்தது.

மூன்று நாள் போயிற்று. ஒரு வாரமும் போயிற்று. வெட்டிப் போட்ட மரங்களை அப்புறப்படுத்தி பஸ் ஓட ஆரம்பித்தது. பள்ளிக்கூடம் திறந்தார்கள். மலையில் மற்ற ஊர்ப் பிள்ளைகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. அவனும் வரவில்லை, அவன் ஊர்ப் பிள்ளைகளும் வரவில்லை. கிளார்க் மகன் காலையும் மாலையும் கடைக்கு வருவான், காலியாக இருக்கும் இடத்தைப் பார்ப்பான், “வந்துருவான்க்கா” என்பான். வர வர அந்த வாய் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. கூடப் படிக்கிறவர்கள் அவன் பெயரைச் சுவரில் காட்டிக் கேலி பண்ணினார்கள். நானும் சும்மா இல்லை. “பெருசா பொறுப்பு ஏத்துக்கினியே, எங்கடா உன் தோஸ்து?” என்று நாலு பேர் எதிரில் கேட்டுவிட்டேன்.

அதற்கப்புறம்தான் அவன் அப்பா வந்தார். சட்டைப் பையில் பணத்தோடு வந்தார். மகன் பின்னாலேயே ஓடி வந்தான்.

“அந்த சைக்கிள் இன்னா வெலம்மா? முழுசாவே குடுத்துட்றேன். மொதல்ல என் பையன் பேர அந்த செவுத்துல இருந்து அழி.”

எனக்கு அந்தப் பணம் வேண்டியிருந்தது. பொய் சொல்லி என்ன? தவணைக்காரர் இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டார். வாங்கிப் போட்டிருந்தால் கடன் ஒரே அடியில் தீர்ந்திருக்கும். கையைக்கூட நீட்டிவிட்டேன்.

“வாங்காதீங்கக்கா!” என்று கத்தினான் பையன். “நீங்க காசு வாங்கிட்டா அவன் திருடினான்னு ஆயிடும். அவன் திருடல. அவனுக்கு நான்தான் பொறுப்பு, எங்கப்பா இல்ல.”

அப்பா அவனை அறையக் கையை ஓங்கிவிட்டார். நான் குறுக்கே போய் நின்றுகொண்டேன். “இருங்க சார். காச உள்ள வைங்க. உங்க பையன்தான என்கிட்ட சொன்னான்? நீங்க சொல்லலயே. அவன் பேர அவன்தான் அழிக்கணும்” என்றேன். அவர் என்னைத் திட்டிக்கொண்டே போனார். தவணைக்காரர் அபராதம் போட்டார். அன்று ராத்திரி வீட்டுக்காரர் சண்டை பிடித்தார். நீட்டிய கையை ஏன் மடக்கினோம் என்று எனக்கே ஆத்திரமாக வந்தது.

அடுத்த வாரம், பள்ளிக்கூடம் விடுகிற நேரம், மலைப் பையன் தெருவில் வந்தான். வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் வந்தான். வண்டி மேல் சாக்கைச் சுற்றிக் கட்டியிருந்தான். அவிழ்த்துப் பார்த்தால் ஒரு கீறல் இல்லை. புது டயரில் நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் முள்ளுகூட அப்படியே இருந்தது.

பிடித்துக்கொண்டேன். “மூணு நாளுன்னு சொல்லிட்டு எங்கடா போன? இன்னா பண்ணிக்கினு இருந்த இத்தினி நாளா?”

“காசு இல்லக்கா. ரோடு தொறக்கலன்னு மொத வாரம் பூரா வாடகை ஏறிப்போச்சி. காசில்லாம எப்படி வர்றதுன்னு சாமை அறுக்கக் கூலிக்குப் போனேன்.”

“வண்டி?”

“வூட்டுல பத்திரமா மூடி வெச்சிருந்தேன்.”

“எவ்ளோடா கூலி?”

“மூணு ரூபா.”

மனசுக்குள் கணக்குப் போட்டேன். அவன் கூலி நாளைக்கு மூன்று ரூபாய், என் வாடகையும் நாளைக்கு மூன்று ரூபாய். வாடகை கட்டுவதற்காக வேலைக்குப் போயிருக்கிறான். வேலைக்குப் போன ஒவ்வொரு நாளும், ஓடாமல் மூலையில் நின்ற வண்டிக்கு வாடகை ஏறியிருக்கிறது. ஆயுசுக்கும் சாமை அறுத்தாலும் அந்தப் பாக்கி தீர்ந்திருக்காது.

“ஏறிக்கினே போவுதுன்னு தெரியலயா உனக்கு?”

“தெரிஞ்சிதுக்கா. அதனாலதான் இன்னும் கொஞ்ச நாள் வேல செய்யலாம்னு நெனச்சேன். செஞ்சி செஞ்சி பாத்தேன், பாக்கி அப்படியே நிக்குது. கம்மியாவவே இல்ல. அப்பறந்தான் பயந்துக்கினு வந்தேன்.”

“மடப்பயலே! ரோடு தொறந்த மொத நாளே வண்டிய கொண்டாந்து உட்டுட்டு, காசு இல்லக்கான்னு சொல்லியிருந்தா நானு உன்ன முழுங்கிடுவனா?” என்று கத்தினேன். கத்தும்போதே எனக்குக் கண் கலங்கிவிட்டது. தவணைக்காரர் ஆள் அனுப்பினபோது நானே போய் ஒரு வார்த்தை சொல்லாமல் கடைக்கு உள்ளே ஒளிந்துகொண்டது ஞாபகம் வந்தது. நேரில் போய்ச் சொல்லியிருந்தால் அபராதத்தில் பாதியாவது குறைந்திருக்கும். இந்த மடத்தனத்துக்கு வயசு வித்தியாசம் இல்லை போலிருக்கிறது.

அவன் கொண்டுவந்த கூலியைக் கொடுத்தான். முதல் வாரத்துப் பாக்கி அப்படியே நின்றது. அதைத் தள்ளுபடி செய்திருக்கலாம்தான். குறையுங்கள் என்று அவன் கேட்கவில்லை; கேட்காதவனுக்குத் தர்மம் போட எனக்குக் கூச்சமாக இருந்தது. “இன்னியோட வாடகை நின்னுபோச்சி. மிச்சத்த கொஞ்சம் கொஞ்சமா குடு. குடுக்க முடியாத வாரம் வந்து மூஞ்சியக் காட்டி, முடியலன்னு சொல்லிட்டுப் போவணும்” என்றேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கடையில் வண்டி துடைத்துக் காற்றடித்துப் பாக்கியைக் கழித்தான். இரண்டு வாரம் வந்து “இந்த வாரம் முடியலக்கா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். சட்டம் சட்டம்தான் என்று கிளார்க் மகனுக்கும் அதுவரை வண்டி கொடுக்கவில்லை. அவனும் கேட்கவில்லை. காலையில் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போவார்கள், ஒருத்தன் பேசிக்கொண்டே, இன்னொருத்தன் கேட்டுக்கொண்டே.

பாக்கி தீர்ந்த அன்றைக்கு ஈரத்துணியைக் கிளார்க் மகன் கையில் கொடுத்தேன். தன் பெயரை அவனே துடைத்தான். துடைத்த கையோடு ஒரு வண்டியை எடுத்துக்கொண்டு, பெல்லை அடித்துக்கொண்டே பறந்துவிட்டான்.

மலைப் பையன் போகாமல் நின்றான். அவனுக்குப் பின்னால், அன்றைக்குத் தகரப் பெட்டியோடு போன வாண்டுகளில் ஒன்று நின்றது.

“இவனுக்கு அரை மணி வண்டி வேணும்க்கா. நான் பொறுப்பு.”

“உனக்கே ஓட்டத் தெரியாது!”

“அவனுக்குத் தெரியும்க்கா.”

“லேட்டாச்சின்னா?”

“வந்து சொல்லுவான். அவன் வரலன்னா நான் வந்து சொல்லுவேன்.”

சாக்பீஸை எடுத்து, துடைத்த ஈரம் காய்வதற்குள் அதே இடத்தில் மலைப் பையன் பெயரை எழுதினேன். சரியாகப் பிடிக்கவில்லை. மேலே இன்னொரு தடவை அழுத்தி எழுதிவிட்டு, சின்னவனுக்கு சீட்டை இறக்கிக் கொடுத்தேன்.