புளி போட்டுத் தேய்த்த டச்சுக் காசு

ஆரணியில் பட்டு நூலுக்குச் சாயம் போட்டுக்கொண்டிருந்தவர் அவர். முழங்கை வரை ஒரு வாரம் சிவப்பாக இருக்கும், அடுத்த வாரம் பச்சையாக இருக்கும். எழுபதுகளின் கடைசியில் நான் அவரைத் தேடிப் போனது டச்சுக் காசுகளுக்காக. பழைய பாத்திரக் கடையில் உருக்கப்போகும் செம்பைக் கிளறி, டச்சுக் கம்பெனி முத்திரை போட்ட சின்னச் செப்புக் காசுகளை அவர் பொறுக்கி வைத்திருந்தார்.

நான் போனது ஆயுத பூஜைக்கு முதல் நாள். சாய அண்டாவைத் தேய்த்த புளியிலேயே காசுகளையும் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னோடு வந்திருந்த சென்னை நாணய வியாபாரி பதறிப்போனார்.

“என்னங்க இது? அந்தக் களிம்போட இருந்தாத்தாங்க விலை. தேய்ச்சா எல்லாம் போச்சு.”

“விக்கிறவனுக்குத்தாங்க விலை” என்றார் சாயக்காரர், நிமிராமல்.

ஒரே ஒரு காசு மட்டும் பச்சைக் களிம்போடு மிச்சமிருந்தது. வியாபாரி அதற்கு நல்ல விலை சொன்னார். பிறகு அதையும் ஏற்றிச் சொன்னார். சாயக்காரர் அதைக் கையில் எடுத்து, வியாபாரியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே புளியை வைத்து அழுத்தித் தேய்த்தார்.

“நாளைக்கு எல்லாம் குளிச்சு, பொட்டு வச்சிகினு பூசையில உக்காந்துகினு இருக்கும். இது மட்டும் அழுக்கா உக்காருமா?”

வியாபாரி சொன்னதுதான் சரி. நானும் காசு சேர்க்கிறவன்தான். களிம்பில் கை வைக்க மாட்டேன். என் காசுகள் நல்ல விலை போகும். ஆனால் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அவை பீரோவுக்குள்ளேயே கிடக்கின்றன, ஒரு பொட்டுகூட இல்லாமல். அன்றைக்கு மட்டும் அந்தச் சாயக்காரர்மீது எனக்குக் கோபம் வரும்.