மகனுக்கென்று பூட்டிவைத்த கக்கூஸ்

நீர்வேலித் தவமலருக்கு இருப்புக்கொள்ளவில்லை. நாளைக்குக் கனடாவிலிருந்து மகன் வருகிறான். அவனுக்கென்று அறையோடு சேர்த்துக் கட்டி, மூன்று வருசமாக ஒருவரும் பாவிக்காமல் பூட்டிவைத்த கக்கூசில் இன்றுதான் தண்ணீரைத் திறந்தாள். கொமட் தொட்டிக்குப் போகும் குழாய் மூட்டில் ஒழுக்கு.

"பைப்காரன் வரட்டுமன்," என்றார் கணவர் கனகலிங்கம்.

"உவனைப் பாத்துக்கொண்டிருந்தா மகன் வந்திட்டுத் திரும்பிப் போயிடுவான்!"

வால்வைப் பூட்டினாள். குறட்டால் நட்டைக் கழற்றினாள். உள்ளேயிருந்த ரப்பர் வாசர் காய்ந்து வெடித்திருந்தது. சைக்கிளில் சந்திக் கடைக்கு ஓடிப் புதியது வாங்கிவந்து போட்டு இறுக்கினாள். ஒழுக்கு நின்றது.

"சரி தவம், இனிக் கதவைப் பூட்டு. மகன் வந்து திறக்கட்டும்."

"பூட்டி வைச்சுத்தானே காய்ஞ்சது!"

மூன்று வருசமாக மழையிலும் வளவு மூலையிலிருந்த பழைய கக்கூசுக்கு ஓடிய தவமலர், உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.