எந்த மண்டி?

பொம்மைகளுக்குச் சட்டை தைப்பவளாகத்தான் இந்தப் பொம்மலாட்டக் குழுவுக்குள் வந்தேன். தாராவியில் வீடு. படித்தது மராத்தி ஸ்கூல். தமிழைக் கடை போர்டுகளைப் பார்த்து நானே எழுத்துக்கூட்டிக் கற்றேன். வீட்டில் பேசுவது திருநெல்வேலித் தமிழ். இவை எல்லாம் சேர்ந்து என்னைக் கவிழ்க்கப் பார்த்த கதையை, நூல் பிடிக்க வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

அன்று மாட்டுங்காவில் ஷோ. எங்கள் பெரிய பொம்மைக்கு இரண்டு பேர் வேண்டும். நூல்கள் தொங்கும் ஹெட் கட்டையைப் பிடிப்பவர் தலையையும் கையையும் ஆட்டுவார். லெக் கட்டை கால்களுக்கு. லெக் கட்டைக்காரர் ஐரோலியிலிருந்து போன் செய்தார்: காய்ச்சல். குழுவை நடத்தும் விஸ்வம் சார் என்னைப் பார்த்தார்.

"செல்வி, நடை பழகியிருக்கேளே, மேடை ஏறுங்கோ. இன்னிக்கு நன்னா வந்தா லெக் கட்டை உங்களோடது. சொதப்பினா திரும்பவும் ஊசி நூல்தான்."

"அதுவும் நூலுதான சார்" என்றேன். வாய் மட்டும்தான் தைரியம்.

கதையில், தூக்குத் தண்டனை பெற்ற தம்பிக்காக அண்ணன் ராஜாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். ராஜா பொம்மை கொக்கியில் தொங்கும். அண்ணனின் ஹெட் கட்டையும் இரண்டு குரலும் சாருடையவை. அண்ணனை நடத்திக்கொண்டு போய் நிறுத்தினேன். சார் கிசுகிசுத்தார்: "மண்டி போடுங்கோ."

எங்கள் வீட்டில் அதை 'முட்டாங்கால்' என்போம். மண்டி என்றதும் எனக்கு மராத்தி 'மாண்டி'தான் வந்தது. அங்கே மாண்டி போடுவதென்றால் சம்மணம் போட்டு உட்காருவது. மன்னிப்புக் கேட்பவன் ராஜா முன்னால் சம்மணம் போடுவானா? குழப்பமாகத்தான் இருந்தது. ஆனாலும் சார் சொல்கிறாரே! உட்கார வைத்துவிட்டேன்.

"என்ன, இலை போட்டாச்சா?" என்றார் முன்வரிசை மாமி ஒருவர். ஹாலே சிரித்தது. (இன்றும் எங்கள் குழுவில் யாராவது சும்மா உட்கார்ந்தால் இதைத்தான் கேட்போம்.)

"ஐயோ, மண்டி! மண்டி!" என்றார் சார். கால் சரியாக மடங்கவில்லை போல என்று முட்டி நூலை இழுத்து இன்னும் இறுக்கினேன்.

சார் உடனே ராஜாவின் குரலில் கர்ஜித்தார்: "என் முன்னாலேயே உட்காருகிறாயா? எழுந்திரு!"

அவர் அதட்டுவது பொம்மையையா என்னையா என்று புரியவில்லை. நூலை அப்படியே பிடித்திருந்தேன். பொம்மை அசையவில்லை. சாரே அண்ணனின் குரலில் பதில் சொன்னார்: "என் தம்பியை விடும்வரை எழமாட்டேன்."

சிரிப்பு நின்றது. ராஜா மன்னித்தபோது முதலில் கைதட்டியது அந்த மாமிதான்.

இறங்கி வந்ததும், இனி ஊசி நூல்தான் என்று தையல் டப்பாவை எடுத்துக்கொண்டேன்.

"எங்க கிளம்பறேள்? அடுத்த ஷோ செம்பூர்ல. இதே மாதிரி மண்டி போட்டுடுங்கோ."

"எந்த மண்டி சார்? ஒருக்கா செஞ்சு காட்டிருங்க."

அவர் பேண்ட்டை ஏற்றிவிட்டுக்கொண்டு, அந்த ஹால் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

யார் சொன்னாலும், எந்த மொழியில் சொன்னாலும், செய்து காட்டச் சொல்லிவிட்டுத்தான் இப்போதெல்லாம் நூலைத் தொடுகிறேன்.