கசியிற மருந்தும் கசியாத படகும்

பல் டொக்டர் வேலையில வாயைத் திறக்கச் சொல்லிக் கேக்கிறது சுகம், திறந்த வாய்க்குள்ள என்ன கிடக்கும் எண்டதுதான் பயம். கன்னத்தைப் பொத்திக்கொண்டு திரிஞ்ச உங்களுக்கு நான் சொல்லுறது விளங்கும்.

வாய்க்குள்ள பைபர்

தலைமன்னாரிலிருந்து சவிரிமுத்து அண்ணை வந்தார். சொந்தப் படகுக்காரர். கன்னம் வீங்கி ஒரு கண்ணே மூடிப்போச்சு. கடைவாய்ப் பல்லில கண்ணாடி மாதிரி மஞ்சளாய் ஒரு கட்டி. தட்டினால் கிண்ணெண்டுது.

"இதை ஆரண்ணை அடைச்சது?"

"நான்தான். பைபர் படகு வெடிச்சால் பூசுற ரெசின் பசை."

என்ரை மாதாவே! கையில இருந்த சாமான் கீழ விழுந்திட்டுது. அந்த மூடிக்குக் கீழ பல்லு வேர்மட்டும் உக்கிச் சீழ் கட்டியிருந்தது. வீக்கத்தை வத்தப்பண்ணிப் பிடுங்கினன். மனுசனுக்கோ என்னிலதான் கோவம்: "என்ரை படகு இண்டைவரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி விடேல்லை டொக்டர், பல்லு மட்டும் எப்பிடி விட்டது?"

விழாத பல்லு

புண்ணைக் காட்ட வரேக்க மகள் ஜெனிற்றாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். ஆறு வயது. கீழ்வரிசைக் கடைசிப் பல்லில கறுப்பாய் ஓட்டை.

"பிடுங்கிவிடுங்கோ, பாற்பல்லுத்தானே. விழுந்து முளைக்கும்."

"ஐயோ அண்ணை, இது பாற்பல்லு இல்லை! ஒரு பல்லும் விழாமல் பின்னால முளைக்கிறதால ஒருத்தருக்கும் தெரியிறேல்லை. இது போனால் பிள்ளைக்கு வேற முளைக்காது."

அண்ணையின்ரை முகம் வெளிறிப்போச்சு. பிள்ளைதான் சொன்னாள்: "அப்பா எனக்கும் ரெசின் கலக்கினவர், மணம் தாங்கேலாமல் நான் கோயிலுக்குள்ள ஓடி ஒளிச்சிட்டன்."

உடன பிள்ளையைக் கதிரையில இருத்தினன்.

கசியுமோ?

உக்கினதைச் சுரண்டி எடுத்துப்போட்டு, தூளையும் தண்ணிமருந்தையும் குழைச்சு அடைச்சன். கிளாஸ் அயனோமர் எண்டு பேர். பக்கத்தில நிண்டு பதம் பார்த்த அண்ணைக்கு விளங்கப்படுத்தினன். "உங்கடை ரெசின் ஓட்டையை மூடும், அவ்வளவுதான். இது பல்லோடை ஒட்டிக்கொண்டு, புளோரைட் எண்ட மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாய்க் கசியவிடும். சுத்தியிருக்கிற விளிம்பும் பக்கத்துப் பல்லும் லேசில சூத்தை பிடியாது. புளோரைட் பற்பசையால தீட்டத் தீட்ட, அதிலயிருந்தும் கொஞ்சம் உறிஞ்சி வைச்சுக்கொள்ளும்."

கசியும் எண்டு படகுக்காரரிட்டைச் சொன்னது என்ரை கெட்டகாலம். கதிரையைத் தள்ளிக்கொண்டு கிட்ட வந்திட்டார்: "கசியிற சாமானையோ என்ரை பிள்ளையின்ரை வாயில வைச்சனீங்கள்? கழட்டுங்கோ!"

கழட்டமாட்டன் எண்டு நிண்டன். பிள்ளையை இழுத்துக்கொண்டு போனார்.

மடுவில

பிறகு ஆக்களைக் காணேல்லை. வீட்டில வைச்சுத் தோண்டி எடுத்திருப்பாரோ எண்டு எனக்கு ஒரே பதைப்பு. அடுத்த மடு மாதா கோயில் திருவிழாவில ரெண்டுபேரையும் கண்டவுடன, சனத்துக்கு நடுவில பிள்ளையின்ரை வாயைத்தான் முதல் திறந்து பார்த்தன். அடைச்சது கொஞ்சம் தேஞ்சிருந்தது, ஆனால் இருந்தது! விளிம்பும் சுத்தம், பக்கத்துப் பல்லும் சுத்தம். எனக்கு அழுகையே வந்திட்டுது.

அண்ணை என்னை ஒரு பக்கமாய்க் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார்: "கசியுதோ எண்டு ஒவ்வொரு நாளும் பிள்ளையைப் பல்லுத் தீட்டுவிச்சு டோர்ச் அடிச்சுப் பாக்கிறன் டொக்டர், ஒரு சொட்டும் கசியேல்லை, மருந்து முடிஞ்சுபோச்சோ?"

பல்லைக் கவனியுங்கோ எண்டு நான் தொண்டைத்தண்ணி வத்தக் கத்தி நடவாத காரியத்தை, படகுக்காரரின்ரை சந்தேகம் நடத்திப்போட்டுது.